வெளியே வந்தவர்கள் – 7: ஏசாயா 28ஐ முழுதாக வாசித்தால்

கள்ளப் போதகரின் குழுவை விட்டு வெளியே வந்தவர்களில் பலர் வேதாகமத்தைத் திறக்கவே அஞ்சுகிறார்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பழைய தலைவரின் குரல்தான் கேட்கிறது. அவர் அடிக்கோடு போடச் சொன்ன வசனங்கள்தான் கண்ணில் படுகின்றன. கள்ளப் போதகரை அடையாளம் காண வேதத்தை வைத்தே சோதியுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் மனதில் பதிந்திருப்பது அந்தத் தலைவர் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்த வேதம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1934இல் வானொலிப் பிரசங்கியாகத் தொடங்கியவர் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங். பிறகு கலிபோர்னியாவின் பாசடேனாவுக்கு இடம் மாறினார். அவருடைய சபை 1968இல் 'உலகளாவிய தேவ சபை' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர் இலவசமாக அனுப்பிய 'தி ப்ளெயின் ட்ரூத்' பத்திரிகை பல லட்சம் வீடுகளுக்குப் போனது. சபையாருக்கு அவர் விதித்தவை பல: முதல் தசமபாகம் சபைக்கு, இரண்டாவது பண்டிகைச் செலவுக்கு, ஏழாண்டுச் சுழற்சியின் மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில் மூன்றாவது ஒன்றும் உண்டு. பிறந்தநாள் கூடாது, கிறிஸ்துமஸ் கூடாது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு. லூக்கா ஒரு வைத்தியர் என்று கொலோசெயர் நிருபத்தில் இருப்பதை அந்த வீடுகளில் எத்தனை பேர் யோசித்துப் பார்த்திருப்பார்களோ!

இவ்வளவையும் அவர் வேதத்திலிருந்துதான் காட்டினார். வேதாகமம் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் ஒரு படப்புதிர், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால்தான் உண்மை தெரியும் என்பது அவர் போதனை. அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது, 'இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்' என்று வரும் ஏசாயா 28ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம்.

அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். ஏழாம், எட்டாம் வசனங்களில் ஆசாரியனும் தீர்க்கதரிசியும் மதுவெறியில் தள்ளாடுகிறார்கள், மேசைகளெல்லாம் வாந்தி. பால் மறந்த குழந்தைக்கா பாடம் நடத்த வந்தாய் என்ற எகத்தாளம் அடுத்து வருகிறது. ஆம்ஸ்ட்ராங் எடுத்துக்கொண்ட பத்தாம் வசனம் அந்த எகத்தாளத்தோடு ஒட்டியது. பதின்மூன்றாம் வசனத்தில் அதே சொற்கள் தண்டனையாகத் திரும்பி வருகின்றன: அவர்கள் பின்னாக விழுந்து, நொறுங்கி, கண்ணியில் சிக்குவார்கள். வேதத்தை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் காட்டிய வசனம், முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தால், கண்ணியில் சிக்குபவர்களைப் பற்றியது. மூன்று வசனம் தள்ளி வாசித்தால் போதும். வாசிக்க விடாததுதான் அந்த அமைப்பின் பலம்.

உபாகமம் 18இல் மோசே இன்னொரு சோதனையை வைக்கிறார். கர்த்தர் பெயரால் ஒருவன் சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல. அவனுக்குப் பயப்படவும் வேண்டாம். ஆம்ஸ்ட்ராங்கின் '1975 தீர்க்கதரிசனத்தில்' என்ற சிறுநூல் 1956இல் வந்தது. பஞ்சமும் போரும் அமெரிக்காவைச் சூழும் என்றது. 1972இல் சபையார் ஒரு பாதுகாப்பான இடத்துக்குத் தப்பிப் போவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. இரண்டு ஆண்டுகளும் கடந்து போயின. தான் தீர்க்கதரிசியே அல்ல என்றார் அவர். அப்போஸ்தலன் என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். மோசேயின் சோதனைக்குள் வராமல் நழுவும் வழி இது. மோசே பார்க்கச் சொன்னதோ பட்டத்தை அல்ல, சொன்னது நடந்ததா என்பதை. உபாகமம் 13 இன்னும் ஒரு படி மேலே போகிறது: அடையாளம் பலித்தாலும் ஏமாறாதே என்கிறது. மத்தேயு 7இல் இயேசுவும், தம் பெயரால் அற்புதம் செய்தவர்களையே அறியேன் என்று சொல்லிவிடுவார். அதே அதிகாரத்தில் அவர் பார்க்கச் சொன்ன கனி அற்புதம் அல்ல.

ஆம்ஸ்ட்ராங் 1986 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோசப் டக்காச்சின் காலத்தில் தலைமையே போதனைகளை வேதத்தோடு மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தது. 1994 டிசம்பரில், ஓய்வுநாளும் தசமபாகமும் உணவு விதிகளும் கிறிஸ்தவனைக் கட்டாயமாகப் பிணைக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பிரசங்கித்தார். இதனால் வருமானம் சரிந்தது, ஆயிரக்கணக்கானோர் விலகினார்கள். ஒரு சபைத் தலைமை தன் பிழையை வேதத்தின் முன் ஒப்புக்கொள்வது அபூர்வம். அதை நான் மதிக்கிறேன்.

விலகியவர்களில் பலர் பழைய போதனையைக் காக்கப் புறப்பட்ட பிரிவுகளில் சேர்ந்தார்கள். தலைவர் மாறினார், வாசிக்கும் முறை மாறவில்லை. என் கவலை இதுதான். ஒரு குழுவிலிருந்து வெளியேறுபவர் காயத்தோடு வருகிறார். உறுதியாகப் பேசும் அடுத்த மனிதரிடம் எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

"அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்று உங்களை மிரட்டியிருப்பார்கள். சங்கீதம் 105ஐத் திறந்து பாருங்கள். கொஞ்சப் பேராக, ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்களை ராஜாக்களிடமிருந்து தேவன் காத்த கதை அது. எளியவனைக் காக்க வந்த வார்த்தையை அதிகாரத்தில் இருப்பவன் தனக்குக் கேடயமாக எடுத்துக்கொள்கிறான். மூப்பர் மீது குற்றச்சாட்டு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரித்து, பாவம் செய்திருந்தால் எல்லார் முன்பும் கண்டிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறான். முதன்மை விரும்பியவன், சகோதரரை ஏற்காதவன், ஏற்க நினைப்பவர்களையும் சபையை விட்டுத் தள்ளுபவன். உறவினரோடு பேசக்கூடாது என்று தடை போடப்பட்டவர்கள் அந்த ஒரே அதிகாரத்தை வாசித்தால் தங்கள் கதையை அங்கே காண்பார்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கலாத்தியர் நிருபத்தின் ஆறு அதிகாரங்களையும் ஒரே அமர்வில், அடிக்கோடு இல்லாத புதிய பிரதியில், யாருடைய விளக்கவுரையும் இல்லாமல் வாசியுங்கள். முதல் அதிகாரத்திலேயே பவுல், வேறு சுவிசேஷத்தை நாங்களே வந்து சொன்னாலும் ஏற்காதீர்கள் என்று தன்னையும் அந்தச் சோதனைக்குள் நிறுத்துகிறார். அடுத்து நீங்கள் போகும் சபையின் போதகரிடம், "நீங்கள் சொன்னது சரியா என்று நான் வேதத்தில் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கோபப்பட்டால் அங்கே இருக்காதீர்கள்.

(தொடரும்)