சன்னல் ஷட்டரும் சிறு ரிலேயும்

ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் வீட்டுச் சன்னல்களுக்கு வெளியே, கடை ஷட்டரைப் போலச் சுருண்டு ஏறி இறங்கும் மறைப்புகளைப் பரவலாகக் காணலாம். வெயிலையும் குளிரையும் அவை தடுக்கின்றன. மின்சாரத்தால் இயங்கும் ஷட்டரின் மோட்டாருக்கு ஏற்ற ஒரு மின்கம்பி, இறக்க மற்றொன்று. இரண்டிலும் ஒரே வேளையில் மின்சாரம் பாய்ந்தால் மோட்டார் பழுதாகும்.

2014-இல் வெளிவந்த இ.எஸ்.பி. 8266 என்னும் மலிவான வைஃபை சில்லு, சுவிட்சுப் பெட்டிக்குள்ளேயே அடங்கும் சிறு ரிலேக்களுக்கு வழிவகுத்தது. பல்கேரிய நாட்டு ஷெல்லி 2.5 அவற்றுள் ஒன்று. அதனுள் இரு ரிலேக்கள் உள. ஷட்டருக்கென அமைத்துவிட்டால், ஒன்று இயங்குகையில் மற்றது இயங்காது. மோட்டார் கொள்ளும் மின்சாரத்தை அளந்து, இடையில் தடை நேர்ந்தால் நிறுத்தவும் அதனால் இயலும்.

ஆயினும், அன்பு வாசகரே, சுவரிலுள்ள சுவிட்சை அகற்றிவிடலாகாது. அதனை ரிலேயோடு இணைத்துவிட்டால், இணையம் நின்ற நாளிலும், கைப்பேசி பழகாத பாட்டியார் தம் அறைக்கு வெளிச்சம் பெறுவார். மின்சாரமே நின்றுவிட்டால் ரிலேயும் உதவாது. தீ விபத்து நேரும் வேளையில் மூடிய ஷட்டர் தப்பும் வழியை அடைத்துவிடக்கூடும். ஆதலால், வெளியேறப் பயன்படும் சன்னல் ஒன்றிலேனும் கையால் சுழற்றி ஏற்றும் பிடி இருத்தல் வேண்டும். இணைப்பு வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைப்பீர்களாக.