ஒருமித்து ஆடும் ஆட்டங்கள்

கொழும்பு மாநகரிலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மாலைப்பொழுது மிகச் சுருங்கியது. பிள்ளைகள் பாடசாலை விட்டுத் தனியார் வகுப்புகளுக்குச் சென்று மீள்வதற்குள் இருட்டிவிடுகிறது. அலுவலகம் சென்றோர் காலி வீதியின் நெரிசலைக் கடந்து களைப்புடன் வீடு சேர்கின்றனர். தொடர்மாடி வீட்டிலே முற்றமும் இல்லை, திண்ணையும் இல்லை. இராப் போசனத்துக்கு முன்னோ பின்னோ எஞ்சுவது ஓர் அரைமணி நேரமே. அந்த அரைமணி நேரத்தையும் கைத்தொலைபேசிகள் ஆளுக்கொரு மூலையாகப் பங்கிட்டுக் கொள்கின்றன. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை மூன்று தலைமுறையினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, அந்தச் சிறு பொழுதிலே மகிழ்வுடன் செய்யத்தக்கது யாது? விளையாட்டு என்பதே எளிய விடை. ஆயின், எத்தகைய விளையாட்டு என்பது சற்றே சிந்திக்க வேண்டியதொன்றாகும்.

வீட்டுக்குள் ஆடும் ஆட்டங்களுக்குத் தமிழரிடையே குறைவில்லை. தாயம், பல்லாங்குழி, பாம்பும் ஏணியும், கரம் எனப் பலவுண்டு. இவையாவும் ஒருவரை ஒருவர் வெல்லும் போட்டிகள். சமவலிமை உடையோர் ஆடும்போது போட்டி சுவை தரும். எட்டு வயதுக் குழந்தையும் நாற்பது வயதுத் தந்தையும் கரம் பலகையின் இரு பக்கமும் அமர்ந்தால் நிகழ்வது என்ன? தந்தை மெய்யாகவே ஆடினால் குழந்தை நாள்தோறும் தோற்கும். வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தால், அதனைக் குழந்தை விரைவிலேயே கண்டுகொள்ளும். இரண்டும் மனநிறைவு தருவன அல்ல. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கிப் பல தராசுகளில் நிறுக்கப்படும் பிள்ளைக்கு, வீட்டு மேசையும் இன்னொரு தராசாக வேண்டியதில்லை.

போட்டிக்கும் கூட்டு முயற்சிக்கும் நடுவே நிற்கும் ஆட்டம் ஒன்று இலங்கைத் தமிழருக்கு நன்கு பழக்கமானது. அதுவே 'முந்நூற்று நாலு' எனப்படும் கடதாசி விளையாட்டு. நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சி. கட்டிலே ஏழு முதல் ஏஸ் வரையுள்ள 32 சீட்டுகள் மட்டுமே எடுக்கப்படும். ஜாக் சீட்டுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்தின் கூட்டுத்தொகை 76; நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர்க் காரணம் இதுவே.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள் வழங்கப்படும். அவற்றை மாத்திரம் பார்த்து, தம் கட்சி எத்தனை புள்ளி எடுக்கும் என ஒருவர் கேள்வி கூறுவார். பாதிப் புள்ளி 152 ஆதலால், கேள்வி பெரும்பாலும் 160இல் தொடங்கும். கேள்வியை வென்றவர் தம் சீட்டு ஒன்றைத் துரும்பாகத் தெரிந்து கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே எஞ்சிய நான்கு சீட்டுகள் வரும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கவிழ்ந்து கிடக்கும் துரும்பு இன்னதென்று எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது. கேட்பதும் ஆகாது, சாடை காட்டுவதும் ஆகாது. கூட்டாளி எந்தச் சீட்டை முதலில் இறக்கினார், எதனை இறக்காமல் வைத்திருக்கிறார் என்பதைக் கொண்டே அவர் உள்ளக் கருத்தை உய்த்துணர வேண்டும். வாய்திறவாமல் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் பயிற்சி இது.

இதற்கு நெருங்கிய ஆட்டம் 'ஓமி'. அதிலும் நால்வர், இரு கட்சிகள், 32 சீட்டுகள். முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்து ஒருவர் துரும்பினைக் கூறுவார். எட்டுப் பிடிகளில் ஐந்தோ அதற்கு மேலோ பிடித்த கட்சி வெல்லும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய அனைவரும் அறிந்த ஆட்டமாதலால், மூவின மக்களும் அயலவராய் வாழும் கொட்டாஞ்சேனையிலே ஒரு மேசையைச் சுற்றி அமர மொழி தடையாவதில்லை. சீட்டினங்களுக்குச் சிங்களத்தில் வழங்கும் இஸ்கோப்ப, ஹாரத, ருயித, கலாபர என்னும் பெயர்கள் ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தவை. முந்நூற்று நாலு ஆட்டத்திலே ஜாக்கும் ஒன்பதும் தலைமை பெறுவதைக் கொண்டு, அதனையும் ஒல்லாந்தரின் சீட்டாட்டக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணுவர் விளையாட்டு ஆய்வாளர். 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்கு அருகே இன்றும் நிற்பது போல, ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்களும் சீட்டுக்கட்டிலே நிலைத்துவிட்டன.

இவ்வாட்டங்களில் இருவர் ஒன்றுபடுவது மற்றிருவரை வெல்வதற்காகவே. மேசையைச் சுற்றியுள்ள அனைவரும் ஒரே கட்சியானால் என்ன? அப்போது எதிரி யார்? ஆட்டமே எதிரி என்பது கடந்த அரை நூற்றாண்டிலே மேல்நாட்டார் விரிவாகக் கண்ட விடை. ஜெர்மனியில் 1986இல் வெளிவந்த 'பழத்தோட்டம்' என்னும் சிறுவர் ஆட்டம் இதற்குத் தெளிவான உதாரணம். நான்கு மரங்கள், மரத்துக்குப் பத்தாக நாற்பது பழங்கள். தோட்டத்தை நோக்கி ஒரு காகம் வருகிறது. காகம் வந்து சேருமுன் பழங்களை எல்லாரும் கூடிப் பறித்துவிட வேண்டும். முடிந்தால் அனைவர்க்கும் வெற்றி. முடியாவிடின் அனைவர்க்கும் தோல்வி.

இவ்வகை ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்காமலே வீட்டில் அமைத்துக்கொள்ளலாம். ஒரு தாளிலே மா, கொய்யா, ஜம்பு, ரம்புட்டான் என நான்கு மரங்களை வரைந்து, மரத்துக்குப் பத்துப் புளியங்கொட்டைகளை வைக்க வேண்டும். பகடையில் ஒன்று முதல் நான்கு வரை விழுந்தால் அந்தந்த மரத்தில் ஒரு பழம் பறிக்கலாம். ஐந்து விழுந்தால் விரும்பிய இரண்டு பழங்கள். ஆறு விழுந்தால் காகத்தின் உருவிலே ஒரு கோடு வரையப்படும். ஒன்பது கோடுகளில் காகம் நிறைவுறும். அத்துடன் ஆட்டமும் முடியும். ஐந்து விழும்போது எந்த மரத்திலிருந்து பறிப்பது நலம்? பழம் மிகுந்துள்ள மரத்திலிருந்தே. ஒரு மரம் முன்னதாகவே வெறுமையானால் அதன் எண் விழும் முறையெல்லாம் வீணாகுமன்றோ? இதனைப் பெரியவர் சொல்லிக் கொடுக்காமல், நாலைந்து ஆட்டங்களில் குழந்தை தானே கண்டுபிடிக்க விடுவது சாலச் சிறந்தது.

இங்கேதான் கூட்டாட்டத்தின் பெரிய இடர் தோன்றுகிறது. அனைவரும் ஒரே கட்சி என்றவுடன், கூடுதலாக அறிந்த ஒருவர் எல்லாருக்குமாகச் சிந்திக்கத் தொடங்கிவிடுகிறார். "இதை வை, அதை எடு" என்னும் கட்டளைகள் பிறக்கின்றன. 2008இல் மாட் லீகொக் என்னும் அமெரிக்கர் அமைத்த 'பண்டமிக்' ஆட்டத்திலே, உலகெங்கும் பரவும் கொள்ளைநோய்களை ஆடுவோர் கூடித் தடுக்க வேண்டும். எல்லாத் தகவலும் மேசையின்மீது வெளிப்படையாக இருக்கக்கூடும் ஆதலால், ஒருவரே நால்வருக்கும் ஆடிவிடுவது அதிலே எளிது. மூத்தோர் சொல்லுக்கு இளையோர் அடங்கி நடப்பதைப் பண்பாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்திலே இவ்விடர் இன்னும் மிகுதி. மாமா ஆட, மருமக்கள் காய் நகர்த்தும் கூலியாட்களாக அமர்ந்திருப்பர். பெயரளவிலே கூட்டு முயற்சி. உண்மையிலே ஒருவர் ஆட்சி.

முந்நூற்று நாலு காத்து வைத்திருக்கும் மௌன விதி இதற்கு நன்மருந்தாகிறது. புதிய ஆட்டங்கள் சிலவும் அவ்விதியையே கையாள்கின்றன. தோமஸ் சிங் என்பவர் அமைத்து 2019இல் வெளிவந்த 'த குரூ' என்னும் சீட்டாட்டத்திலே, துரும்பும் பிடியும் உண்டு. ஆயினும் எல்லாரும் ஒரே கட்சி. இன்னார் இன்ன பிடியைப் பிடிக்க வேண்டும் என்பது குறிக்கோள். தம் கைச்சீட்டைப் பற்றி மிகச் சிறிதளவே வெளிப்படுத்தலாம். வொல்ஃப்காங் வார்ஷ் 2018இல் அளித்த 'த மைண்ட்' இன்னும் எளியது. ஒன்று முதல் நூறு வரை எண்ணிட்ட சீட்டுகள். முதற் சுற்றில் ஆளுக்கு ஒன்று, அடுத்ததில் இரண்டு என ஏறிச் செல்லும். கையிலுள்ளவற்றை ஏறுவரிசையில் நடுவே வைக்க வேண்டும். முறை வைப்பும் இல்லை, பேச்சும் இல்லை. பன்னிரண்டை வைத்திருப்பவர் சற்றே காத்திருப்பார். எண்பதை வைத்திருப்பவர் நெடிது காத்திருப்பார். எதிரிலிருப்பவரின் தயக்கத்தைக் கவனிப்பதே முழுத் திறமை. இருபது நிமிடங்களில் முடியும் இவ்வாட்டத்திலே பேராசிரியருக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவிக்கும் வேற்றுமை மிகச் சிறிது.

மௌனம் பெரியவரின் கட்டளையை நிறுத்துகிறது. அதனாலேயே சிறியவரின் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கிறது. கொழும்புக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. விடுமுறைக் காலத்தில் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து வெள்ளவத்தைக்கு வரும் பேரப்பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் சரளமாக வருவதில்லை. பாட்டிக்கோ ஆங்கிலம் வருவதில்லை. நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. எண்களையும் சீட்டினங்களையும் அறிந்திருந்தால் போதும். சொல்லின்றி ஆடும் ஆட்டத்திலே பாட்டியும் பேரனும் ஒருவர் முகத்தை ஒருவர் உற்று நோக்குவர். மொழி மறுத்த உறவை அந்த நோக்கு ஓரளவேனும் மீட்டுத் தரும்.

கடதாசி என்றவுடன் சூதென அஞ்சும் பெற்றோரும் உளர். வள்ளுவர் சூதினைக் கண்டிக்கத் தனி அதிகாரமே வகுத்தார், அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் பொருளைப் பணயம் வைப்பதாலேயே ஆட்டம் சூதாகிறது. எல்லாரும் ஒருங்கே வெல்லும் ஆட்டத்திலே யாரிடமிருந்து யார் பணம் பறிப்பது?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியது. தொலைக்காட்சி அணைந்து, கைத்தொலைபேசியின் உயிரும் ஒடுங்கிய அந்த இரவுகளிலே, ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு சீட்டுக்கட்டும் குடும்பத்துக்குப் போதுமானவையாக இருந்தன. மின்சாரம் உள்ள இரவிலும் அவை போதுமானவையே. வேண்டுவது அரைமணி நேரம், ஆடும்போது நாவடக்கம், தோற்றபின் "ஏன் அந்தச் சீட்டைப் போட்டாய்?" என்று பிள்ளையைக் கடியாமல், "நீ என்ன நினைத்துப் போட்டாய்?" என்று வினவும் பொறுமை. அந்த வினாவுக்குப் பிள்ளை கூறும் விடையிலே, பெற்றோர் அதுவரை அறியாத ஒரு மனம் வெளிப்படக்கூடும்.