காவல் நாய்க்குத் தேகப் பயிற்சியும் புத்திக்கு வேலையும்

திருவரங்குளம் வட்டாரத்தில் சங்கக் கடன் பெற்று ஆடு வளர்க்கும் அங்கத்தினருக்குப் பட்டியைக் காக்கும் நாயும் ஒரு முதலே ஆகும். பட்டி குறைந்தால் தவணையும் தவறும். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை ஆகிய ஜாதிகள் வேட்டைக்கும் காவலுக்குமென்று நம்மவர் தேர்ந்து வளர்த்தவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளிவந்தது. பெருமை இருக்கட்டும், அதைப் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிவைப்பதல்லவோ பலரது வழக்கம்! ஓடப் பிறந்த நாய் ஓடாதிருப்பின் குழி பறிக்கும், காரணமின்றிக் குரைக்கும், அவிழ்த்த மாத்திரத்தில் ஆட்டுக்குட்டியையே துரத்தும். இதனைத் துஷ்ட குணமென்று அடிப்பதில் பிரயோஜனமில்லை.

காலை வெயில் ஏறுமுன்னும், அந்தி சாய்ந்த பின்னும், அரைமணி நேரமாவது நடத்தியும் ஓட்டியும் வருதல் அவசியம். நாய்க்கு மனிதரைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாய் திறந்து இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆதலின் சித்திரை வெயிலில் ஓட்டுவது உயிருக்கே அபாயம். ஆகாரம் உண்டவுடனும் ஓட்டலாகாது. வளரும் குட்டியை நெடுந்தூரம் ஓட்டினால் மூட்டுக்கள் கெடும்.

ஓட்டம் மட்டும் போதாது. கம்பு உருண்டையை வைக்கோலில் ஒளித்து, மோந்து தேடச் செய்யலாம்; 'இரு', 'வா' என்னும் சொற்களுக்குப் பழக்கலாம். இராஜபாளையக் குட்டிகளில் சில பிறவிச் செவிடு; அவற்றுக்குக் கைச்சாடையே பாஷை. குட்டி வாங்குமுன் அதன் பின்னின்று கைதட்டிப் பார்த்தல் காசு செலவில்லாத சோதனை.