அரண்மனையைக் காணோம்... வாங்க, தேடுவோம்!

செமஸ்டர் முடிஞ்சு லீவு விட்டாச்சு. உடனே வர்ற கேள்வி, "மச்சி, டூர் எங்கடா?" ஊட்டி, கொடைக்கானல், கோவான்னு ஒரு லிஸ்ட் ஓடும். கொஞ்ச நேரத்தில் பட்ஜெட் இடிக்கும். வீட்டில் பர்மிஷன் கிடைக்காது. கடைசியில் டீக்கடை பெஞ்சிலேயே டூர் முடிஞ்சிடும்.

இதில் ஒரு காமெடியும் இருக்கு. வெளியூர் இன்ஜினீயரிங் பசங்க 'ஐ.வி.'ன்னு பஸ் பிடிச்சு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வர்றாங்க. இந்தப் பக்கத்துப் பசங்களோ 'ஐ.வி.'ன்னு வீட்டில் சொல்லிட்டு ஊட்டிக்கு ஓடுறாங்க!

வாலாஜாபாத் பக்கம் இருக்கிறவங்களுக்காகத்தான் இந்த வாரம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுற அதே ஊர்தான். அங்கிருந்து ஒரே நாளில், ஒரு வேனில் போயிட்டு வர்ற மாதிரி ஒரு ராயல் டூர் உங்களுக்காக ரெடி.

சுட்ட ஃபார்முலா

ராஜஸ்தானுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்களைக் கவனிச்சிருக்கீங்களா? கூட்டமா வந்து கொடி பிடிச்சவர் பின்னாடி ஓடுறது ஒரு ரகம். பத்துப் பதினஞ்சு பேர் மட்டும் சேர்ந்து, கூடவே கதை சொல்ல ஒரு கைடை வச்சுக்கிட்டு நிதானமா சுத்துறது இன்னொரு ரகம். ஜெய்ப்பூர் அரண்மனை, உதய்ப்பூர் ஏரி, அப்படியே காசிப் படித்துறைன்னு போவாங்க. பெரிய பணக்காரங்களுக்கு 1982-ல் ஓட ஆரம்பிச்ச 'பேலஸ் ஆன் வீல்ஸ்' ரயில் இருக்கு. அதோட டிக்கெட் விலையை இங்கே சொன்னா நீங்க பக்கத்தைத் திருப்பிடுவீங்க!

ரயில் நமக்கு வேண்டாம், அந்த ஃபார்முலா போதும். சின்னக் குழு, ஒரு கைடு, அரண்மனை, கோயில். குழுவுக்கு உங்க செட்டே போதும். கைடு யாருன்னு கடைசியில் சொல்றேன். கோயிலுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை.

ஆனா... அரண்மனை?

பொன்மாளிகை எங்கே போச்சு?

வாலாஜாபாத் என்ற பெயரே ஒரு ராஜா வீட்டுப் பெயர்தான். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் அது. அவருடைய அரண்மனை 1768-ல் கட்டப்பட்ட சேப்பாக்கம் மாளிகை. 2012-ல் தீ விபத்தில் அதன் ஒரு பகுதி பாதிக்கப்பட்டு, பிறகு புதுப்பிக்கப்பட்டது. அது சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கு. நம்ம ஊரில் மிஞ்சியது பெயர் மட்டும்.

பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரமோ பல்லவர்களின் தலைநகரம். சோழர்களுக்கும் அங்கே மாளிகை இருந்தது. ராஜராஜ சோழனின் அப்பா சுந்தர சோழர் உயிர்விட்டது காஞ்சிப் பொன்மாளிகையில்தான். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்றே கல்வெட்டுகள் அவரைக் குறிப்பிடுகின்றன. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு அந்த மாளிகை நல்லாவே ஞாபகம் இருக்கும்.

இன்னைக்கு காஞ்சிபுரம் முழுக்கத் தேடினாலும் பொன்மாளிகையின் ஒரு சுவரைக்கூடப் பார்க்க முடியாது. காரணம் ரொம்ப சிம்பிள். சாமி வீட்டைக் கல்லால் கட்டினார்கள். ராஜா வீட்டைச் செங்கல், மரம், சுண்ணாம்பால் கட்டினார்கள். போர், தீ, மழை எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதைதான். பெரிய கோயில் கம்பீரமா நிக்குது. சோழர்களின் மாளிகை இருந்த இடத்தில், மாளிகைமேடு அகழாய்வில் செங்கல் அடித்தளம்தான் வெளியே வந்தது.

அப்போ அரண்மனையைப் பார்க்க வழியே இல்லையா? இருக்கு. கோயிலுக்குப் போகணும்! அரண்மனையில் நடந்தது, ராஜா கொடுத்தது, ஊர்க்காரங்க முடிவு பண்ணினது எல்லாம் கோயில் சுவரில்தான் இருக்கு.

ஸ்டாப் 1: பன்னிரண்டு வயசு ராஜா

காலையில் சீக்கிரமே கிளம்பிடுங்க. மதியம் நடை சாத்துறதுக்குள் காஞ்சியை முடிக்கணும். முதலில் வைகுண்டப் பெருமாள் கோயில். பெருமாளை ஒன்றின் மேல் ஒன்றாக மூணு அடுக்கில் வச்சுக் கட்டிய கோயில். கும்பிட்டுட்டு அப்படியே வெளியே வந்துடாதீங்க. சுற்றி இருக்கிற திருச்சுற்று மண்டபத்தின் சுவரைப் பாருங்க. வரிசை வரிசையா சிற்பங்கள், ஏறக்குறைய ஒரு காமிக்ஸ் புத்தகம் மாதிரி!

கதை இதுதான். 8ஆம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். காஞ்சியிலிருந்து பெரியவங்க ஒரு குழுவாகக் கிளம்பி, அதே வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், "ஒரு பிள்ளையைக் கொடுங்க"ன்னு கேட்கிறாங்க. நாலு பிள்ளைகளில் மூணு பேர் "நான் மாட்டேன்". நாலாவது பையன், வயசு 12, "நான் போறேன்" என்கிறான். அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. பையன் கிளம்பி, மலையும் ஆறும் காடும் தாண்டி காஞ்சிக்கு வந்து, நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூடுகிறான். நாம ஏழாவது படிச்ச வயசு அது! அரண்மனை, அரியணை, வரவேற்பு, யுத்தம் எல்லாமே அந்தச் சுவரில் இருக்கு. நிஜ அரண்மனை மண்ணாகிப் போச்சு. அதன் கதை கல்லில் நிக்குது.

இந்தச் சுவரைப் படிச்சு நமக்குச் சொன்னவர் யார் தெரியுமா? சி.மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல்லவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஒவ்வொரு சிற்பமாகப் பார்த்து, இது இன்ன சம்பவம் என்று எழுதிவைத்தார். 1940-ல் இறந்துபோனபோது அவருக்கு 35 வயசுகூட ஆகவில்லை. இந்தக் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூலை 1941-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. சுவர் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அங்கேயேதான் இருந்தது. படிக்க ஒருத்தர் வரவேண்டியிருந்தது.

ஸ்டாப் 2: எதிரி போட்ட கையெழுத்து

அடுத்து கைலாசநாதர் கோயில். நந்திவர்மனுக்கு முன்னாடி ஆண்ட ராஜசிம்மன் கட்டியது. மணற்கல்லில் இப்படி ஒரு வேலையான்னு வாயைப் பிளப்பீங்க. அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கு. காஞ்சியில் கன்னடமா?

நம்ம பன்னிரண்டு வயசு ராஜா வளர்ந்த பிறகு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். நந்திவர்மன் ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. ஜெயித்தவன் கொள்ளையடிப்பான்னுதானே நினைப்போம்? இவன் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறது அந்தக் கல்வெட்டு. அவனுடைய ராணி பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலைப் பார்த்தால், நம்ம கைலாசநாதரின் சாயல் நல்லாவே தெரியும். ஓடிப்போன நந்திவர்மன் திரும்பி வந்து இன்னும் பல வருஷம் ஆண்டான் என்பது கிளைமாக்ஸ்.

ஸ்டாப் 3: உங்க பேர் ஓலையில் வருமா?

சாப்பாட்டை முடிச்சுக்கிட்டு உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. ஸ்கூல் புக்கில் மனப்பாடம் பண்ணிய 'குடவோலை முறை' இங்கேதான் இருக்கு. 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். பதவி 360 நாள்தான்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எலெக்‌ஷன்!"னு காலரைத் தூக்கிவிடுறதுக்கு முன்னாடி, சுவருக்கு எதிரே உங்க குழு 12 பேரும் வரிசையா நில்லுங்க. ரூல் ஒவ்வொண்ணா சொல்றேன். வயசு 35-க்கு மேல், 70-க்குள். பன்னிரண்டு பேரும் அவுட்! சரி, வயசை விட்டுடுவோம். வரி கட்டுற சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கணும். சொந்த மனையில் வீடு இருக்கணும். வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. பெண்கள் பேச்சே இல்லை. இப்போ எத்தனை பேர் மிச்சம்? அந்த மண்டபத்தில் பெருமையோட இந்தக் கேள்வியும் வரணும்.

அதே சுவரில் இன்னொரு ரூலும் இருக்கு. பதவியில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்ப வர முடியாது. அவனுடைய சொந்தக்காரங்களும் வர முடியாது! கடந்த மூணு வருஷத்துக்குள் பதவியில் இருந்தவனும் நிற்க முடியாது. இதை அப்படியே உங்க காலேஜ் யூனியன் எலெக்‌ஷனில் கொண்டுவந்தா எப்படி இருக்கும்னு திரும்பி வரும்போது வேனில் விவாதம் பண்ணுங்க.

ஸ்டாப் 4: சோழர் கால ஹாஸ்டல்

சாயங்காலம் வாலாஜாபாத் திரும்புற வழியில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். பெரும்பாலான நாளில் தண்ணியைவிட மணல்தான் அதிகம். இங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டின் வீரராஜேந்திர சோழன் காலத்து நீளமான கல்வெட்டு.

அதில் ஒரு கல்லூரி வருது. ஹாஸ்டல் வருது. 60 பேருக்குச் சாப்பாட்டுக்கு அளவு போட்டு நெல் ஒதுக்கியிருக்காங்க. சனிக்கிழமை தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க எண்ணெய்கூட உண்டு! கூடவே 15 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. பெயர் 'வீரசோழன்'. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள்னு எல்லாருக்கும் சம்பளம். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்ப் பட்டியலும் இருக்கு. நம்ம மெஸ் மெனுவைக் கல்லில் வெட்டிவச்சா, ஆயிரம் வருஷம் கழிச்சு வர்றவங்க என்ன நினைப்பாங்க?

வீரராஜேந்திரன் ஆண்ட கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகை மண்ணுக்குள் போயிடுச்சு. அவன் காலத்தில் ஒதுக்கின நெல் கணக்கு மட்டும் நம்ம பாலாற்றங்கரையில் பத்திரமா இருக்கு.

கைடு யார்?

வேற யாரு, நீங்கதான்! ஆளுக்கு ஒரு ஸ்டாப் எடுத்துக்குங்க. ஒரு வாரம் முன்னாடியே காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்து படிங்க. அந்த இடத்தில் 15 நிமிஷம் நீங்க பேசணும். கேட்கிறவங்க ஆளுக்கொரு கேள்வி கேட்டே ஆகணும். பதில் தெரியலைன்னா தேடிப் பிடிச்சு, திரும்பி வர்றதுக்குள் சொல்லணும். குழு ஏன் சின்னதா இருக்கணும்னு இப்போ புரியுதா? 60 பேர் பஸ்ஸில் வந்தா செல்ஃபி எடுக்கத்தான் நேரம் இருக்கும். 12 பேர்னா ஒரே எழுத்தை எல்லாரும் குனிஞ்சு பார்க்கலாம்.

சில டிப்ஸ். மதியம் 12-லிருந்து 4 வரை பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும், அதுக்கேத்த மாதிரி பிளான் பண்ணுங்க. கையில் டார்ச் வச்சுக்குங்க. பக்கவாட்டில் ஒளி விழுந்தா மங்கின எழுத்தும் தெரியும். எழுத்தில் சாக்பீஸ், விபூதி, எண்ணெய் எதையும் தேய்க்காதீங்க. கருவறையில் கேமராவுக்குத் தடா. திருமுக்கூடல் ரோட்டில் கல்குவாரி லாரி அதிகம், இருட்டுறதுக்குள் கிளம்பிடுங்க.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சீரியஸா. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் 'சுத்தம் பண்றோம்'னு மணலைப் பீய்ச்சியடிச்சுக் கல்வெட்டுகளைக் காணாமல் அடிச்சிருக்காங்க. பெயின்ட் பூசி மறைச்சிருக்காங்க. இதயம் வரைஞ்சு, அம்பு விட்டு, ரெண்டு இனிஷியல் செதுக்கினவங்க நம்ம வயசுக்காரங்கதான். அரண்மனைகளைத் தீயும் போரும் அழிச்சது. கோயில் சுவர் அழிஞ்சா, அது என்ன சொல்லுதுன்னு யாருக்கும் தெரியாததுதான் காரணமா இருக்கும். ஒரு தடவை நின்னு கதை கேட்டவன் அந்தச் சுவரில் ஆணியைக் கொண்டு போகமாட்டான். வேற எவனாவது கொண்டு போனாலும் சும்மா விடமாட்டான்.

இந்த டூர் பிடிச்சிருந்தா, அடுத்த வருஷம் மைசூர் போகும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி, திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகைக்குப் போங்க. அங்கே சுவர் முழுக்க ஒரு பெரிய யுத்த ஓவியம். 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடிச்ச காட்சி. சண்டை நடந்தது எங்கே தெரியுமா? காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிற புள்ளலூரில்! நம்ம ஊர் வயக்காடு ஒரு மைசூர் அரண்மனைச் சுவரில் இருக்கு. கூட வந்த மத்தவங்க "ஏதோ சண்டை போல"ன்னு நகர்ந்து போவாங்க. நீங்க நிறுத்தி, கதை சொல்லுங்க.

என்ன, வேன் டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டாச்சா?