பரணிலிருந்து இறங்கும் கேமரா

1970-களில் இளைஞர்களாக இருந்தவர்கள் ‘ஆக்ஃபா கிளிக் த்ரீ’ கேமராவை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கலாம். கழுவி அச்சிடும் செலவை நினைத்து, ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணி எடுப்பார்கள். பிறகு உத்தியோகம், ஊர் மாற்றம், பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என்று காலம் ஓடிவிடும். கேமரா பரணுக்குப் போய்விடும். பணி ஓய்வுக்குப் பின் அந்தப் பழைய ஆசை மீண்டும் துளிர்க்கிறது. தலயாத்திரை செல்லும் மூத்த அன்பர்கள் சிலரது தோளில் இன்று கேமரா தொங்குவது அதனால்தான்.

இந்த ஆசை பொழுதுபோக்கோடு நின்றுவிட வேண்டியதில்லை, இறைத்தொண்டாகவும் மலரலாம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவாலயத்திலிருந்து சோழர் கால நடராஜர் திருமேனி களவு போயிற்று. 2008-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் அதனைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அத்திருமேனி ஸ்ரீபுரந்தானுக்கு உரியது என்பதற்கு முக்கியச் சான்றாக நின்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த ஒளிப்படம். 2014 செப்டம்பரில் நடராஜப் பெருமான் தாயகம் திரும்பினார். படம் எடுத்தவர், அது ஒருநாள் பெருமானையே மீட்டுத் தரும் என்று எண்ணியிருப்பாரா?

இதற்கு முன்னோடியும் உண்டு. லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கில ராணுவ அதிகாரி, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒன்றாக இணைத்தார். அக்கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ட்ஷ் நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். படித்துச் சொல்பவர் வருமுன்பே படம் பிடிப்பவர் வந்துவிட்டார்!

இத்தொண்டுக்கு நியமங்கள் உண்டு. மூலவரைப் படம் எடுத்தல் கூடாது. கோயில்களுக்குள் செல்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டுள்ளது. ஆகவே, நிர்வாகத்தின் அனுமதியின்றி உள்ளே எந்தக் கேமராவையும் எடுக்கலாகாது. அதனால் குறை ஒன்றுமில்லை. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள், திருக்குளம், தேரின் மரச்சிற்பங்கள், வீதியுலாவின் அலங்காரங்கள் என்று வெளியிலேயே எத்தனையோ உள்ளன.

திருப்பணி தொடங்குமுன் எடுக்கும் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. மணல் வீச்சில் எழுத்துகள் தேய்வதும், சுண்ணாம்புப் பூச்சில் பழைய ஓவியங்கள் மறைவதும் பல ஊர்களில் நேர்ந்தவை. மறைந்தபின் அவற்றைக் காட்டுவதற்குப் படம் ஒன்றே மிஞ்சும்.

கல்வெட்டைக் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்துகள் நிழலோடு தெளிவாகத் தெரியும். அதன்மேல் சுண்ணக்கட்டி, மாவு எதையும் தேய்க்கக் கூடாது. ஓவியங்களின்மீது ஃபிளாஷ் ஒளி வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், இடம், திசை, நாள் ஆகியவற்றை எழுதி வைப்பது அவசியம்; குறிப்பில்லாத படம் பெயரில்லாத கடிதம் போன்றது. பிரதி ஒன்றைக் கோயில் அலுவலகத்தில் ஒப்படைத்தால் தொண்டு முழுமை பெறும்.

இன்றைய கேமராவில் எத்தனை ஆயிரம் படங்களும் எடுக்கலாம். ஆயினும் 12 படங்களே கிடைத்த நாளில் பழகிய நிதானம் இப்போதும் வேண்டும். முதலில் கண்ணாரத் தரிசனம். கேமரா அதற்குப் பிறகுதான்.