போர்ட் வெல்ட்: பழைய துறைமுகமும் செபெத்தாங் ஆறும்

மலாயாவின் முதல் இரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே ஓடத் தொடங்கியது. லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கப்பலேற்றுவதே அதன் நோக்கம். சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்.

ஆளுநர் வெல்டின் பெயர் தாங்கியிருந்த அவ்வூரே இன்றைய கோலா செபெத்தாங். தைப்பிங்கிலிருந்து சிம்பாங், மாத்தாங் வழியே சென்றால் அதனை அடையலாம். தண்டவாளம் இன்றில்லை; நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் அதில் எழுதப்பட்டுள்ளது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அதன்முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லுதல் நலம். அவ்வழியே பயணம் செய்தோருள் தமிழ் வாசித்தோரும் இருந்தனர் என்பதற்கு அப்பலகையே சான்று.

ஊரைச் சூழ்ந்துள்ளது மாத்தாங் சதுப்புநிலக்காடு. பரப்பு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். இங்குப் பாக்காவ் மரங்கள் முப்பதாண்டு வளர்ந்தபின் முறைவைத்து வெட்டப்பட்டு, மீண்டும் நடப்படுகின்றன. கவிழ்த்த சட்டி போன்ற செங்கற்சூளைகளில் அக்கட்டைகள் கரியாகின்றன. கட்டைகளில் தீ மூட்டுவதில்லை; வாயிலில் எரியும் நெருப்பின் வெப்பமே அவற்றின் நீரை வெளியேற்றுகிறது.

மாலையில் படகேறினால் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகளைக் காணலாம். அதற்கு நிலவில்லாத இரவே ஏற்றது.