"ஒரு கொறையும் இல்ல மக்ளே"... பாட்டா சொல்வது நிஜம்தானா? மார்க் போட்டு பார்க்கும் டாக்டர்கள்

நாகர்கோவில்:

"எப்படி இருக்கீங்க பாட்டா?" என்று கேட்டால் குமரி மாவட்டத்தில் முக்கால்வாசி வீடுகளில் வரும் பதில், "ஒரு கொறையும் இல்ல மக்ளே" என்பதுதான். ஆனால் அதே பாட்டா குளத்தில் இறங்கி குளிப்பதை நிறுத்தி இருப்பார். சாயா கடை பக்கம் போய் மாசக்கணக்காகி இருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கியது. இதில் வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிசியோதெரபியும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் சுகர் சரியாக இருந்தால் ஆள் நல்லா இருக்கார் என்று அர்த்தம் இல்லையே!

இதை கண்டுபிடிக்க டாக்டர்களிடம் தனி கணக்கு இருக்கிறது. அமெரிக்க டாக்டர் சிட்னி காட்ஸ் 1963-ல் வெளியிட்ட முறையில் மொத்தம் 6 விஷயம். குளிப்பது, துணி உடுத்துவது, கக்கூஸ் போவது, கட்டிலை விட்டு எழும்புவது, சிறுநீர்-மலத்தை அடக்குவது, தானாக சாப்பிடுவது. துணை இல்லாமல் செய்தால் தலா 1 மார்க். பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல்தான். சாப்பிடுவது கடைசி வரை நிற்கும். அதனால் "நல்லா சாப்பிடுதாரு" என்று வீட்டில் நிம்மதியாக இருந்து விடக்கூடாது.

உடம்பு மட்டும் போதுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கடந்த 2 வார நிலவரத்தை விசாரிக்கின்றன. தூக்கம், கைச்செலவுக்கு பணம், நண்பர்கள், வீட்டுச் சூழல் எல்லாம் இதில் வரும். வயதானவர்களுக்கு என்றே இன்னும் 24 கேள்விகள் இருக்கின்றன. காது கேட்கிறதா, சொந்த முடிவு எடுக்க விடுகிறார்களா, சாவை நினைத்து பயமா என்று அது போகிறது.

நம்மூர் நிலவரம் இங்கேதான் இடிக்கிறது. மகன் துபாயில், மகள் சென்னையில். மாசம் தவறாமல் பணம் வரும். பணக் கேள்வியில் ஆச்சிக்கு நல்ல மார்க். "பேச ஆள் உண்டா?" என்ற கேள்வியில் அடி வாங்கி விடுவார். ஒன்றில் எடுத்த மார்க் இன்னொன்றின் ஓட்டையை அடைக்காது.

கேட்கும் விதமும் முக்கியம். மகனோ மருமகளோ பக்கத்தில் நின்றால் பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டாலும் சரிப்படாது. பெரியவர் தனக்கு போடும் மார்க்கை விட அவர்கள் குறைத்துப் போடுவதே வழக்கம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே ஆச்சியிடமே, தனியாக, அவசரப்படாமல் கேட்க வேண்டும்.

கவனிப்பாரின்றி தவிக்கும் முதியவர்கள் 14567 என்ற இலவச எண்ணில் பேசலாம். அவர்களுக்காக பக்கத்து வீட்டுக்காரர்களும் பேசலாம்.